வேலை இல்லாத நாளின் விலை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், வைகைக்கு வடக்கே இருக்கிறது சமயநல்லூர். 2001-இல் இங்கே ஒரு தனியார் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஃபர்னஸ் ஆயிலை எரித்து 106 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியதாக இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத் தமிழ்நாடு மின்சார வாரியம் 15 ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தது. இத்தகைய நிலையங்களுக்கான கட்டண முறையை மத்திய அரசு 1992 மார்ச்சில் வகுத்தது. அதன்படி மின்சாரத்தின் விலை இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது. எரித்த எண்ணெய்க்கு ஒன்று. நிலையம் தயாராக நிற்பதற்கு இன்னொன்று, அதாவது நிலைக் கட்டணம். ஆண்டில் 68.5 சதவீத அளவுக்கு ஓடத் தயாராக இருந்தால் போதும். கடன் வட்டி, தேய்மானம், பராமரிப்பு, முதல் போட்டவரின் பங்குக்கு 16 சதவீத ஆதாயம் எல்லாம் அந்த இரண்டாம் பகுதிக்குள் அடங்கிவிடும். “இன்று மின்சாரம் வேண்டாம், நிறுத்து” என்று வாரியம் சொன்னாலும், நிலையம் தயாராக இருந்த நாளாகவே அது கணக்கில் ஏறும்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் விடிந்ததும் கொத்தனாரும் நிமிந்தாளும் சித்தாளும் சோற்றுத் தூக்குடன் கூடி நிற்கும் முக்குகள் உண்டு. அவர்களும் தயாராகத்தான் நிற்கிறார்கள். ஒன்பது மணிக்குள் மேஸ்திரி வந்து கூப்பிடவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அத்தக்கூலியில் இரண்டாம் பகுதி என்று ஒன்று கிடையாது.

மனிதனுக்கு ஒரு சமூகம் தரும் மதிப்பை, அவன் வேலை செய்த நாளின் கூலியைக் கொண்டு அளப்பது வழக்கம். கூலி உயர்ந்ததா, நியாயமானதா என்ற விவாதம் நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. வேலை இல்லாத நாளில் அவனுக்கு என்ன கிடைக்கிறது, அதை யார் தருகிறார்கள், எந்த நிபந்தனையின் பேரில் தருகிறார்கள் என்று பார்த்தால்தான் அந்தக் கணக்கு முழுமையாகும் என்பது இக்கட்டுரையின் வாதம். மதுரைச் சமவெளியின் 130 ஆண்டு வரலாற்றில் முதலும் அரசும் கூலியும் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்களை வரிசையாகப் பார்ப்போம்.

ஆலைச் சங்கு

கூலி உழைப்பைக் குறை கூறுவதற்கு முன், அது எதை உடைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆலைக்கு முந்தைய சமவெளியில் உழைப்பாளியின் மதிப்பு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது. பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக வந்தது. கடனும் அதனோடு வந்தது. எந்த வீட்டு வாசலில் எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்ற விதியும் கூடவே வந்தது. ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை தொடங்கி, 1890-களின் தொடக்கத்தில் மதுரைக்கும் வந்தார்கள். அவர்களுடைய ஆலை காசாகக் கூலி கொடுத்தது. கையில் வாங்கிய காசுக்கு யாருடைய சாதியும் தெரியாது. ஆலைக்குள்ளும் துறைவாரியாகச் சாதி இருந்தது, வேலைக்கு ஆள் சேர்த்த மேஸ்திரிக்குத் தனி ராஜ்யமே இருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் ஊரை விட்டு ஓடிவர ஓர் இடம் இருந்தது என்பதே பண்ணையாளின் பேரத்துக்கு வலுவானது.

அந்த விடுதலைக்கு ஆலை வாங்கிய விலை நேரம். சங்கு ஊதும்போது உள்ளே இருக்க வேண்டும்; அடுத்த சங்கு வரை உடலும் கவனமும் ஆலைக்குச் சொந்தம். தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908-இல் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பும் வார விடுமுறையும் அன்றைய கோரிக்கைகள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த சில நாட்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். வழக்கு ராஜத்துரோகம். ஆலை விட்டுக்கொடுத்ததை அரசு விட்டுக்கொடுக்கவில்லை.

மதுரை ஹார்வி ஆலையில் 1918-இல் சங்கம் உருவானது. வரதராஜுலு நாயுடுவும் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பும் அதற்குத் துணை நின்றார்கள். கூலி சற்று உயர்ந்தது, நேரம் சற்றுக் குறைந்தது. விரைவிலேயே நிர்வாகமும் அரசும் கைகோத்துச் சங்கத்தை முடக்கின. ஆலை முதலாளிகள் பிறகு உள்ளூரிலும் தோன்றினார்கள். கருமுத்து தியாகராசர் மீனாட்சி மில்லைத் தொடங்கினார். சமயநல்லூரை ஒட்டிய பரவையிலும் அதன் ஆலை ஓடியது. முதலாளியின் நாடு மாறியது. சங்கின் ஒழுங்கு மாறவில்லை.

காத்திருக்கும் நாளுக்கு ஒரு விலை உண்டு என்று சட்டம் முதலில் ஒப்புக்கொண்டது இந்த ஆலைத் தொழிலாளிக்குத்தான். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்த்த பிரிவுப்படி, பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை என்று நிர்வாகம் வேலை தராமல் நிறுத்திவைத்தால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தர வேண்டும். மின்நிலையத்தின் நிலைக் கட்டணத்துக்கு மிக அருகில் இந்தியத் தொழிலாளி வந்த இடம் இது. அந்தப் பிரிவின் வாசல் குறுகலானது. ஐம்பது பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்கு அது பொருந்தாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பதிலித் தொழிலாளிக்குக் கிடையாது. வாசலில் நின்று, யார் வரவில்லையோ அவருடைய இடத்துக்குப் போவதே பதிலியின் வேலை. முழுநேரமும் காத்திருப்பவருக்குத்தான் காத்திருப்புக் கூலி மறுக்கப்பட்டது.

பின்னர் நூற்பாலைகள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டுக்கு விடுதியில் வைத்து வேலை வாங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென மொத்தமாகத் தந்தார்கள். உடம்புக்கு முடியாமல் இடையில் ஊருக்குத் திரும்பியவர்கள் பலர் அந்தத் தொகையை இழந்தார்கள். உழைத்த நாளின் கூலியே, இன்னும் உழைக்காத நாளுக்குப் பிணையாயிற்று.

பதிவேடும் ரேகையும்

உழைப்புச் சந்தையில் நிற்பவர்களைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். அதில் நிற்க மறுத்தவர்களை, அல்லது அவர்கள் பார்த்த வேலை அரசின் கண்ணுக்கு வேலையாகப் படாதவர்களை, வேறொரு சட்டம் கையாண்டது.

மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களுக்கு ஊர்க்காவல் ஒரு வாழ்வாதாரம். களத்தையும் மாட்டையும் காப்பதற்காக அறுவடையில் பங்கு பெற்றார்கள். அந்தப் பங்கு, தயாராக இருப்பதற்கு ஊர் கொடுத்த கட்டணம். அதில் மிரட்டலும் கலந்திருந்தது. கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போனது. 1896-இல் மதுரை, திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர்களில் கள்ளர் காவலுக்கு எதிரான இயக்கமே நடந்தது. காவலுக்கு ஒரே உரிமையாளராகத் தன்னை ஆக்கிக்கொள்ள விரும்பிய ஆங்கில அரசு, அந்த வாழ்வாதாரத்தைக் குற்றமாக்கியது.

குற்றப் பழங்குடிகள் சட்டம் 1871-இல் வட இந்தியாவில் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரை என அறிவிக்கும் முன், அவர்களுக்குச் சட்டப்படியான தொழில் இருக்கிறதா, அது உண்மையான தொழிலா வெறும் பாவனையா என்று அறிக்கை தரச் சொன்னது அச்சட்டம். தொழிலின் உண்மையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அரசிடம் இருந்தது. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மதுரைப் பக்கம் இதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். வயதுவந்த ஆண்கள் ரேகை வைக்க வேண்டும்; இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுத்தெழ வேண்டும்; வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

ஹார்வி ஆலைத் தொழிலாளருக்கு நின்ற அதே ஜார்ஜ் ஜோசப்தான் கள்ளர்களுக்காகவும் வழக்காடினார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். ஆலையின் வருகைப் பதிவேட்டுக்கும் காவல் நிலையத்தின் இரவுப் பதிவேட்டுக்கும் இடையில் அவர் அலைந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. மாகாணத்தின் வேறு பகுதிகளில் இந்த இரண்டு பதிவேடுகளும் ஒன்றாகவே இணைந்தன. இதே சட்டத்தின் கீழ் ஸ்டூவர்ட்புரம் குடியேற்றத்தில் அடைக்கப்பட்டவர்கள் புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். திருத்துதல் என்றால் கூலிக்குப் போகப் பழக்குதல் என்றானது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆள் வேண்டும், குடி வேண்டாம்

மதுரையைச் சுற்றிய வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போனது. முன்பணம் கொடுத்து அழைத்துப்போய், அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டோடு தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாற்றினார்கள். 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த மக்களை, 1948-இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாட்டில் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று இரு அரசுகளும் பங்கிட்டன. சந்தைக்கு அவர்களுடைய கை தேவைப்பட்டது. கைக்குரியவருக்கு முகவரி தருவது அரசின் விருப்பமாக இருந்தது. உழைப்பு மட்டுமே ஒருவருக்கு மதிப்பைத் தேடித் தரும் என்று நம்புவோர் இலங்கையின் மலையகத்தை நினைவில் கொள்ள வேண்டும். நாலு தலைமுறை உழைத்தும் அங்கே அது நடக்கவில்லை.

கட்டை விரலுக்கு 30

மனிதனின் விலையை அரசு வெளிப்படையாக எழுதிவைத்த இடம் ஒன்று உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. கட்டை விரல் போனால் உழைப்புத் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடு விரலுக்கு 12. உயிர் போனால் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98; 50 வயதுக்கு 153.09. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020-இல் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 30 வயதுத் தொழிலாளியின் உயிருக்கு 15,59,850 ரூபாய். 50 வயதுக்காரருக்கு 11,48,175.

இதைப் படித்து முகம் சுளிப்பது எளிது. அட்டவணை வருவதற்கு முன் விரல் போனவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் சுளிப்பு குறையும். தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் இருந்தது. அட்டவணை அந்தச் சுமையைப் பெரும்பாலும் இறக்கியது. விலை எழுதாத இடத்தில் உடல் விலைமதிப்பற்றதாகவா இருந்தது? இலவசமாக அல்லவா இருந்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இழந்தது என்ன என்று அட்டவணை கேட்பதில்லை. இனி எவ்வளவு சம்பாதிக்க முடியாது என்று மட்டுமே கேட்கிறது. ஆகவே குறைந்த கூலிக்காரரின் கட்டை விரல் குறைந்த விலைக்குப் போகிறது.

கூலியே இல்லாதவரின் நிலை என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய இரண்டாம் அட்டவணை, சம்பாதிக்காத மனைவியின் வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளச் சொன்னது. சமைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் கணவன் வாங்கும் சம்பளத்தைப் பொறுத்து விலை மாறின. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பு நாட்டின் பொருளாதாரத்துக்கு உண்மையான பங்களிப்பு என்பதை அழுத்தமாகச் சொன்னது.

சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாவோருக்கு 2014-இல் 10 லட்சம் என்று விதித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறக்குவதே 2013 சட்டப்படி குற்றம். மதுரையைச் சேர்ந்த திவ்யபாரதி 2017-இல் எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் இந்தச் சாவுகளைத்தான் வரிசையாக முன்வைத்தது. உயிருக்கு வைத்த விலை மும்மடங்காயிற்று. குழிக்குள் யார் இறங்குவது என்பதைச் சாதிதான் இன்னும் தீர்மானிக்கிறது.

மடை திறக்கும் நாள்

சமயநல்லூருக்கு வடக்கே வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கமாக ஓடுகிறது பெரியாறு பிரதானக் கால்வாய். பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். தண்ணீர் திறந்தால் அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் நடவுக்கு ஆள் தேவை. மற்ற வாரங்களில் அந்த ஆட்களைச் சோறு போட்டு வைத்திருந்தது யார்? நிலக்காரரும் இல்லை, சந்தையும் இல்லை. வேலையற்றோரின் பட்டாளம் கூலியைக் கீழே அழுத்தி வைக்கிறது என்றார் மார்க்ஸ். அந்தப் பட்டாளத்தின் படிச்செலவு யார் கணக்கில் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பெண்களே பதிலாக இருந்தார்கள்: ஆடு, கோழி, சீட்டு, அடகு, அடுத்த வீட்டு அரிசி.

கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டம் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு 20 கிலோ இலவச அரிசி. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலை கேட்கும் உரிமையைத் தந்தது. கேட்டு 15 நாளில் தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால்பங்காவது, அதன்பின் பாதியாவது வேலையின்மைப் படியாகத் தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் நாள்கூலி 2024–25-இல் 319 ரூபாய், அடுத்த ஆண்டு 336. கேட்டால் கிடைக்கும் என்று ஒரு வேலை இருந்தபோது, மற்ற வேலைக்குப் பேரம் பேசும் தெம்பு வந்தது. அதனால்தான் “நூறு நாள் வேலை வந்து ஆளே கிடைக்கவில்லை” என்ற புலம்பலை ஊருக்கு ஊர் கேட்டோம்.

கையில் சீட்டு இருந்தாலும் காசு வந்து சேர வேண்டுமே. இந்தத் திட்டத்தில் தமிழகத்துக்கு 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று 2025 தொடக்கத்தில் மாநில அரசு முறையிட்டது. தாமதத்துக்குச் சட்டம் வைத்த ஈடு ஒரு நாளைக்கு 0.05 சதவீதம். காலையிலும் மதியத்திலும் செயலியில் படம் பிடித்தால்தான் வருகை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலை நடக்கக் கூடாது என்றும் சொன்னது. மடை திறக்கும் நாளில் நிலக்காரருக்கு ஆள் குறையக் கூடாது என்ற ஏற்பாடு அது. தொழிலாளியின் பேரம் உச்சத்தில் இருக்கும் வாரங்கள் அவைதான்.

நகரத்தில் கதை செயலிக்குள் நடக்கிறது. உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஓட்டல் வாசலில் அடுத்த ஆர்டருக்காக நிற்கும் நேரத்துக்குப் பணமில்லை. அவர்களுக்கென 2023-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. விபத்துக்கும் சாவுக்கும் வாரியம் உதவும். காத்திருக்கும் நேரத்தை அது எண்ணுவதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்துக்குள் திரும்பப் பெறப்பட்டது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்பு, ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி தேவைப்படும் எல்லையை 100 தொழிலாளரிலிருந்து 300-க்கு உயர்த்தியது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் உண்டு. முதலாவது, மின்நிலையத்தையும் மனிதனையும் ஒப்பிடக் கூடாது என்பது. கடன் வாங்கிக் கட்டிய இயந்திரம் நின்றாலும் வட்டி ஓடும். திடீரென மின்சாரம் தேவைப்படும்போது தயாராக இருப்பதே ஒரு சேவை. சரிதான். அந்த இரண்டு காரணங்களும் நடவு ஆளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. வயிறு நிற்பதில்லை, கந்துவட்டியும் நிற்பதில்லை.

இரண்டாவது, இலவச அரிசியும் உதவித்தொகையும் சோம்பேறியாக்கும் என்பது. சும்மா இருப்பவரின் தொழில் உண்மையா பாவனையா என்று 1871-இல் கேட்ட கேள்வியின் வாரிசு இது. 16 சதவீத ஆதாயம் உறுதியான முதலீட்டாளர் சோம்பேறியாவார் என்று யாரும் கவலைப்பட்டதில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் போகத் தொடங்கியது. முதியோர் ஓய்வூதியம் அதே ஆண்டில் 1,200 ஆனது. சமையலறையில் ஓய்வே இல்லாதவருக்குக் கிடைக்கும் ஆயிரம் ரூபாய் சோம்பலை வளர்க்கும் என்பவர், அந்தச் சமையலறையில் ஒரு நாள் நின்று பார்த்ததில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. அரசின் கையிலிருந்து மதிப்பை வாங்குவது ஆபத்து. கொடுக்கிற கையே பதிவேட்டையும் வைத்திருக்கிறது என்பது. பெருங்காமநல்லூரின் மண்ணிலிருந்து வரும் மறுப்பு இது, தட்ட முடியாது. டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்து 1960-இல் மதுரையில் மறைந்த ஜே.சி.குமரப்பா, முதலாளியையும் மையத்தில் குவிந்த அரசையும் ஒருசேர நம்பவில்லை. பொருளின் விலைக்குள் அதைச் செய்தவரின் வாழ்வும் அடங்கியிருக்கிறது, வாங்குகிறவர் அதற்கும் பொறுப்பு என்பது அவர் நிலை. ஊர் அளவில் உற்பத்தியும் நுகர்வும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் பொருளாதாரத்தை அவர் விரும்பினார். அந்த ஊருக்குள் சாதி என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவரிடம் போதுமான விடை இல்லை. ஊரிடமிருந்து தப்பிக்கத்தானே பண்ணையாள் ஆலைக்கு ஓடினார்.

ஆக, சந்தை, அரசு, ஊர் எதையும் தனியாக நம்பி மனித மதிப்பை ஒப்படைக்க முடியாது. ஊரின் சாதிப் பிடியை ஆலைக் காசு தளர்த்தியது. ஆலையின் சங்கைச் சங்கமும் சட்டமும் அடக்கின. சட்டம் ரேகை கேட்டபோது பெருங்காமநல்லூர் மறுத்தது. ஒன்றின் பிடியிலிருந்து தப்ப இன்னொன்று இருந்தபோதெல்லாம் உழைப்பாளியின் நிலை சற்றே உயர்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே பக்கம் சேர்ந்தபோது விழுந்திருக்கிறது.

அதிலிருந்து சில முடிவுகள் வருகின்றன. வேலையின்மைப் படி ஏட்டில் இருந்தால் போதாது. கேட்காமலே வங்கிக் கணக்கில் வர வேண்டும். நிறுத்திவைப்பு ஈட்டைப் பதிலிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் விரிக்க வேண்டும். செயலி நிறுவனங்கள் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை வைக்க வேண்டும். நடவுக் காலத்தில் அரசு வேலையை நிறுத்துவதானால், அந்த 60 நாளுக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தொகையை நிலக்காரர் தருவதற்கு அரசே பொறுப்பேற்க வேண்டும். இந்தத் தொகைகளுக்கான பதிவேடு எதுவாக இருந்தாலும் அதைக் கிராமசபையில் வைத்து வாசிக்க வேண்டும். பதியப்பட்டவருக்கு அதைத் திருத்தும் உரிமை வேண்டும். இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்கலாம். 15 ஆண்டுக்கு ஓர் இயந்திரத்தின் காத்திருப்பை ஈடுகட்ட ஒப்பந்தம் எழுதத் தெரிந்த அரசுக்கு, அந்தக் கணக்கைப் போட வழி தெரியாது என்று சொல்ல முடியாது.